அச்சமூட்டிய பாடநூல்கள்

கள்ளுண்ணாமையை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில் வைத்தார். அது நாட்டு நடப்பிற்கும் உரியது எனக் கருதினார் போலும். எனினும், பள்ளிச் சிறார்க்கு மதுவின் கேட்டைச் சட்டத்தின் துணைகொண்டு பாடமாக்கிய பெருமுயற்சியைக் காணச் சென்ற நூற்றாண்டிற்கும் முன்னைய அமெரிக்காவிற்குச் செல்ல வேண்டும்.

அம்முயற்சியின் தலைவி மேரி ஹண்ட் அம்மையார், முன்னாள் ஆசிரியை. 1874-ஆம் ஆண்டில் தோன்றிய கிறித்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் சார்பில் மாநிலந்தோறும் சட்டமன்றங்களை அணுகினார். 1882-இல் வெர்மான்ட் மாநிலம் முதற்சட்டம் இயற்றியது. ஏறத்தாழ இருபதாண்டுகளில் எல்லா மாநிலங்களும் அவ்வழிச் சென்றன. பெரும்பாலான பெண்களுக்கு வாக்குரிமையே இல்லாத நாளில், குடியால் குடும்பங்கள் சிதைவதைக் கண்டு வெதும்பிய மாதர் இதனைச் சாதித்தனர் என்பதை மறத்தல் ஆகாது.

சட்டம் வந்தது, நூல்கள் வேண்டுமல்லவா? தொடக்க வகுப்பு உடலியல் நூலில் கால் பங்கேனும் மது முதலியவற்றின் தீங்கைக் கூற வேண்டும் என அம்மையார் வற்புறுத்தினார். அவரது ஒப்புதலைப் பதிப்பகத்தார் நாடி நின்றனர். கோப்புகளிடையே காலங்கழிக்கும் என்போன்ற எழுத்தர்க்கு ஒப்புதல் முத்திரையின் வலிமை நன்கு தெரியும். அது விழுந்தபின் உள்ளே இருப்பதை எவரும் மறுமுறை படிப்பதில்லை! உள்ளே இருந்ததோ, மது தொண்டையில் இறங்கும்போதே தோலை எரித்து உரித்துவிடும் என்பது போன்ற செய்திகள். துளியாயினும் நஞ்சே, ஒருபோதும் உணவாகாது என்பது அந்நூல்களின் பல்லவி.

1893-இல் அமைந்த 'ஐம்பதின்மர் குழு' இதனை ஆராயப் புகுந்தது. வெஸ்லியன் பல்கலைக்கழகத்து வேதியியல் பேராசிரியர் ஆட்வாட்டர், ஓர் ஆள் உள்ளேயே உண்டு உறங்கத்தக்க சிற்றறை ஒன்றை அமைத்து, அவன் உட்கொள்வதையும் வெளிவிடும் வெப்பத்தையும் அளந்தார். சிறிதளவு மது உடலில் எரிந்து, சர்க்கரையும் கொழுப்பும் போல ஆற்றல் தருவதைக் கண்டார். குடியை அவர் பரிந்துரைத்தாரில்லை. ஆயினும், பாடநூல்கள் மிகைப்படுத்தின என்பது குழுவின் 1903-ஆம் ஆண்டு வெளியீட்டில் பதிவாயிற்று. அம்மையார் மறுப்பு எழுதினார், 1906-இல் மறைந்தார்.

பின்னர் 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், காவலரே வகுப்பறையில் போதைப்பொருள் பற்றிப் பாடம் நடத்தும் 'டேர்' திட்டம் தோன்றி நாடெங்கும் பரவியது. 1994-இல் வெளிவந்த தொகுப்பாய்வு, பழக்கத்தைத் தடுப்பதில் அதன் பயன் சொற்பமே என்றது. மாணவரையும் பேசவிட்டுப் பழக்கும் முறைகள் அதனினும் பயன் தந்தனவாம்.

இவற்றையெல்லாம் தேடிப் படிக்க நேர்ந்த காரணம் என் வீட்டில் பிறந்தது. பத்தாம் வகுப்பில் பயிலும் மகனிடம், ஒரு மிடறு போதும், ஈரல் வெந்துவிடும் என்றேன். "மாடி வீட்டு மாமா இருபது வருஷமாகக் குடிக்கிறாராம், தினமும் காலையில் நடக்கப் போகிறாரே, அப்பா?" என்றான். என்னிடம் விடையில்லை.

சில வாரம் கழித்து மீண்டும் பேசினேன். இருபது வயது கடந்தும் மூளை முதிர்ந்துகொண்டிருப்பதையும், இளமையிலேயே தொடங்குவோர் பின்னர் அடிமையாகும் வாய்ப்பு மிகுதி என்பதையும், ஈரலின் கேடு பல ஆண்டுகள் வெளியே தெரியாமலே இருக்கக்கூடும் என்பதையும் கூறினேன். ஆட்வாட்டரின் அறையைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"அந்த அறைக்குள் எத்தனை நாள் இருந்தார்கள், அப்பா?"