அனுமதியும் உரிமையும்: ஜப்பானியக் கருக்கலைப்புச் சட்டமும் பெண்ணிய இயக்கமும்

ஒரு செயலைச் சட்டம் அனுமதிப்பதும், அதனை உரிமையாக ஏற்பதும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை ஜப்பானியக் கருக்கலைப்புச் சட்டத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க இக்கட்டுரை முற்படுகிறது.

ஜப்பானில் 1880ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் கருக்கலைப்பைக் குற்றமாக்கியது. 1907ஆம் ஆண்டுச் சட்டமும் அதனையே பின்பற்றியது. அப்பிரிவுகள் இன்றளவும் நீக்கப்படவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், உணவுப் பற்றாக்குறையும் மக்கள்தொகைப் பெருக்கமும் அரசை அச்சுறுத்திய சூழலில், 1948இல் இனமேம்பாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. தாயின் உயிரையும் உடல்நலத்தையும் காப்பதோடு, 'தரங்குறைந்த' வழித்தோன்றல்கள் பிறவாமல் தடுப்பதும் அதன் நோக்கமாகும். 1949இல் பொருளாதாரக் காரணமும் கருக்கலைப்புக்குரிய காரணமாகச் சேர்க்கப்பட்டது. 1952 முதல் குழுவின் ஒப்புதல் வேண்டாததாயிற்று. உரிமம் பெற்ற மருத்துவரின் முடிவே போதுமானது. இதே சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 25,000 பேருக்குக் கருத்தடை அறுவை செய்யப்பட்டது. அவர்களுள் சுமார் 16,500 பேர் அதற்கு இசைவளித்தவர்கள் அல்லர். எனவே, இச்சட்டத்தின் அடிப்படை பெண்ணின் விருப்பம் அன்று. மக்கள்தொகைக் கணக்கே என்பது புலனாகும்.

1972இல் அரசு கொண்டுவந்த திருத்த மசோதா, பொருளாதாரக் காரணத்தை நீக்கவும், கருவின் குறைபாட்டைப் புதிய காரணமாகச் சேர்க்கவும் முனைந்தது. தனக்கா மித்சு முதலியோர் முன்னின்ற பெண் விடுதலை இயக்கம் முதல் கூறினை எதிர்த்தது. மூளை முடக்குவாதமுற்றோரின் அமைப்பான அஓய் ஷிபா இரண்டாம் கூறினை எதிர்த்தது. மேலும், பெண்ணின் உரிமை என்னும் பெயரால் தம்மைப் போன்றோரின் பிறப்பைத் தடுக்கலாமா என்றும் அவ்வமைப்பினர் பெண்ணியரை நோக்கி வினவினர். இவ்வினா இயக்கத்தைத் தன்னாய்வுக்கு உட்படுத்தியது. பெறாதிருக்கும் உரிமையை மட்டும் கோராமல், பெற்று வளர்த்தற்கேற்ற சமூகத்தையும் பெண்கள் கோரினர். குறைபாடு பற்றிய கூறு கைவிடப்பட்டது. மசோதாவும் 1974இல் நிறைவேறாது ஒழிந்தது. பொருளாதாரக் காரணத்தை நீக்க 1982-83இல் மீண்டும் எழுந்த முயற்சியும் எதிர்ப்பினால் தோல்வியுற்றது.

1996இல் இனமேம்பாட்டுக் கூறுகள் நீக்கப்பட்டு, சட்டம் தாய்மை உடல் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் பெற்றது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழைய சட்டத்தின் கட்டாயக் கருத்தடை விதிகளை அரசியலமைப்புக்கு முரணானவை எனத் தீர்ப்பளித்தது. எனினும், கணவரின் இசைவு வேண்டும் என்னும் விதி 1996ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின்னும் நிலைத்தது. பெண்கள் போராடிக் காத்தது அனுமதியை. உரிமை இன்னும் அவர்களுக்குக் கைகூடவில்லை.