பொதிக்கு ஒரு பங்கு: பிரான்மலைக் கல்வெட்டும் மகமையின் வரலாறும்

தமிழ் வணிகர் தம் வணிகத்திலிருந்து கோயிலுக்கும் பொதுக்காரியத்துக்கும் ஒதுக்கும் பங்கான மகமையைப் பற்றி எழுதப் புகுவோர் டேவிட் வெஸ்ட் ரட்னரை எதிர்கொள்ளாமல் நகர முடியாது. நகரத்தாரின் உப்பு வணிகத்தையும் பழனிக் கோயிற்கொடையையும் இணைத்து 1987இல் அவர் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். 1994இல் வெளிவந்த அவருடைய நகரத்தார் பற்றிய நூல் அதை மேலும் விரித்தது. வணிகர் கொடையைப் பக்தி என்று கைகூப்பிவிட்டு விலகும் வழக்கம் அவருக்குப் பின் செல்லாததாயிற்று. அவருக்கு நான் பட்ட கடன் பெரிது. ஆயினும் அவர் கட்டிய விளக்கத்தின் நடுத்தூண் பிழையான இடத்தில் நிற்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ரட்னர் சொல்வது இது. குமாரப்பன் என்னும் உப்பு வணிகர் பழனிக்கு வருகிறார். அயலூர்க்காரர்; அங்கே அவருக்கு உறவும் இல்லை, செல்வாக்கும் இல்லை. கோயிலைச் சார்ந்தோரோடு பழகுகிறார். விற்ற உப்பின் வருவாயில் ஒரு பங்கை முருகன் பெயருக்கு மகமையாக எடுத்து வைக்கிறார். பின்னர் அவரைச் சார்ந்த வணிகர்களும் அவ்வழியில் சேர்கின்றனர். பழனிப் பட்டயங்கள் காட்டும் இந்நிகழ்ச்சிகளை 17ஆம் நூற்றாண்டுக்கு உரியனவாக வைத்து, ரட்னர் ஒரு முடிவுக்கு வருகிறார்: கொடை வணிகத்துக்குப் புறம்பான செலவு அன்று, வணிகத்தின் ஓர் உறுப்பு. கொடுத்தவருக்குக் கோயில் மரியாதை கிடைக்கிறது. மரியாதையால் ஊரில் நம்பிக்கை பிறக்கிறது. நம்பிக்கையால் கடனும் சரக்கும் புழங்குகின்றன. கோயில் மரியாதை குறித்து அர்ச்சுன் அப்பாதுரையும் கேரல் பிரெக்கன்ரிட்ஜும் முன்வைத்த கருத்தை அவர் சந்தைக்குள் கொண்டுவந்தார் எனலாம்.

இதன் முதற்பாதியை முழுமனத்தோடு ஏற்கிறேன். கொடையையும் வணிகத்தையும் இரண்டு பெட்டிகளில் போட்டுப் பூட்டியவர்கள் நம் மூலங்களைச் சரியாகப் படிக்கவில்லை. இரண்டாம் பாதியில்தான் இடறுகிறேன். கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வியிலிருந்தே ரட்னரின் விளக்கம் முழுதும் கிளைக்கிறது. ஆகவே அதற்கு ஒரு கொடையாளி வேண்டும். அவருக்கு ஒரு பெயர் வேண்டும். அப்பெயரைச் சொல்லிப் பரிவட்டம் கட்ட ஒரு கோயில் வேண்டும். குமாரப்பனிடம் இவை மூன்றும் அமைந்திருந்தன. அதனால் விளக்கமும் அழகாகப் பொருந்திற்று. ஒருவரது கதையைப் பொதுவிதியாக்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. மகமை கொடுத்த பல்லாயிரம் சிறு வணிகர்களுக்கு எந்தக் கோயிலிலும் பரிவட்டம் கட்டப்படவில்லை. அவர்கள் ஏன் கொடுத்தார்கள், தலைமுறை தலைமுறையாக ஏன் தொடர்ந்தார்கள் என்பதற்கு ரட்னரிடம் விடை இல்லை.

விடை தேட நாம் பழனியை விட்டுப் பிரான்மலைக்குப் போக வேண்டும்.

சிங்கம்புணரிக்கு அருகே, இன்றைய சிவகங்கை மாவட்டத்தில் உள்ள திருக்கொடுங்குன்றம் அது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் அங்கே பொறித்த கல்வெட்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் எட்டாம் தொகுதியில் 442ஆம் எண்ணில் அச்சாகியுள்ளது. பல ஊர்களின் வணிகக் குழுவினர் கூடி, கோயில் திருப்பணிக்காகத் தம் சரக்குகளின்மீது தாமே ஒரு பங்கை விதித்துக்கொண்ட செய்தி அதில் உள்ளது. இக்கல்வெட்டைச் சரக்குப் பட்டியலுக்காக மட்டும் மேற்கோள் காட்டுவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. பட்டியல் வியப்புக்குரியதுதான்: உப்பு, அரிசி, பயறு, ஆமணக்கு, பாக்கு, மிளகு, சுக்கு, மஞ்சள், இரும்பு, பருத்தி, நூல், புடவை, மெழுகு, தேன் என அன்றாடச் சரக்குகள் ஒருபுறம், சந்தனம், அகில், பட்டு, பன்னீர், குதிரை, யானை என அரண்மனைச் சரக்குகள் மறுபுறம்.

ஆனால் நான் நெடுநேரம் நின்றது பட்டியலின் அமைப்பில். இங்கே கணக்கு ஆளைத் தொடர்வதில்லை, சரக்கைத் தொடர்கிறது. உப்புக்கு ஓர் அளவு, பாக்குக்கு ஓர் அளவு, குதிரைக்கு ஓர் அளவு. கொண்டுவந்தவர் பெருவணிகரா, தலைச்சுமைக்காரரா என்று கல் கேட்கவில்லை. அவர் லாபம் கண்டாரா, நட்டப்பட்டாரா என்றும் கேட்கவில்லை. சரக்கு கைமாறினால் பங்கு விழுந்துவிடும். லாபத்தில் ஒரு பகுதியை மனமுவந்து தருவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. முன்னதில் கொடுப்பவரின் உள்ளம் பேசுகிறது. பின்னதில், லாபம் என்ற ஒன்று உண்டாவதற்கு முன்பே ஊரின் பங்கு பிரிந்துவிடுகிறது.

பட்டணப்பகுடி எனப்படும் இத்தகைய விதிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்த ப. சண்முகம், இவை அரசன் விதித்த வரிகள் அல்ல, வணிகர் தாமாக ஏற்றவை என்று காட்டியுள்ளார். கடல் கடந்தும் இவ்வழக்கத்தின் சாயல் தெரிகிறது. சுமத்திராவின் பாருசில் கிடைத்த, சகம் 1010 (பொ.ஆ. 1088) என்று ஆண்டு குறித்த தமிழ்க் கல்வெட்டில், கலத்தில் வருவோர் பொன்னாகச் செலுத்த வேண்டியதைத் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் வரையறுக்கின்றனர். 1932இல் நீலகண்ட சாஸ்திரியும், பின்னர் எ. சுப்பராயலுவும் இதை விரிவாகப் படித்துள்ளனர்.

பிரான்மலைக் கல்வெட்டின் காலம் அவ்வளவு திட்டமானது அன்று. அதை 13ஆம் நூற்றாண்டு என்பது பொதுக்கருத்து. அதற்கு மேல் நெருக்கமான ஓர் ஆண்டைச் சொல்ல நான் துணியமாட்டேன். அங்கிருந்து பழனிப் பட்டயங்கள் வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகள். இடைவெளியை நிரப்பும் நேரடிச் சான்று என் கையில் இல்லை. ஐந்நூற்றுவரின் வழித்தோன்றல்களே நகரத்தார் என்று நான் வாதிடவும் இல்லை. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்வேன். குழுக்கள் கலையலாம், பெயர்கள் மாறலாம். சந்தையில் எல்லோரும் அறிந்த ஒரு கணக்குமுறை அத்தனை எளிதில் மறைவதில்லை. பிரான்மலையும் நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களும் ஒரே நிலப்பகுதியில் அமைந்தவை. குமாரப்பன் பொதி கட்டிய உப்பு, பிரான்மலைக் கல்லிலும் உள்ள சரக்கு. இவ்வளவு இருக்கையில், அவர் பழனிக்குப் போன பிறகுதான் மகமையைக் கண்டடைந்தார் என்று கொள்வதைவிட, தன் நாட்டுச் சந்தைகளில் பழகியிருந்த முறையை அங்கே எடுத்துச் சென்றார் என்று கொள்வதே இயல்பு.

ரட்னரின் கருத்தை உரசிப் பார்க்க இன்னும் உறுதியான கல் விருதுநகரில் கிடைக்கிறது. சிவகாசி, விருதுபட்டி (இன்றைய விருதுநகர்), திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டைகளை நிறுவி, உறவின்முறை என்னும் சமூகச் சங்கம் அமைத்து, மகமை வசூலித்த வரலாற்றை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் விரிவாக எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் இவ்வணிகர்களுக்குப் பெருங்கோயில்களின் வாசல் அடைக்கப்பட்டிருந்தது. கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் 1897இல் நுழைந்ததற்காக அவர்கள்மீது தொடுக்கப்பட்ட வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. பெருங்கோயில் மரியாதையால் நம்பிக்கை, நம்பிக்கையால் வணிகம் என்ற ரட்னரின் சங்கிலியில் இவர்களுக்கு முதற்கண்ணியே இல்லை. அப்படியிருந்தும் தமிழகத்தில் மகமை மிக வலுவாக வேரூன்றிய இடங்களில் ஒன்று இவர்களது பேட்டைதான்.

அவர்களுக்கென்று சொந்தக் கோயில்கள் இருந்தனவே என்று ரட்னர் தரப்பில் கேட்கலாம். இருந்தன. ஆனால் தம்மவர் மட்டும் கூடும் கோயிலில் கிடைக்கும் மரியாதை, அயலாரின் நம்பிக்கையை எப்படி ஈட்டித் தரும்? அயலூரில் காலூன்றுவதுதானே அவர் விளக்கத்தின் உயிர்நிலை? பேட்டையில் நம்பிக்கையை உண்டாக்கியது கணக்கு. மூட்டைக்கு இவ்வளவு என்பது எல்லாருக்கும் தெரியும். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பதும் தெரியும்.

பணம் போய்ச் சேர்ந்த இடத்தில்தான் உண்மையான மாற்றம் நிகழ்ந்தது. பேட்டைக்கும் கிணற்றுக்கும் கோயிலுக்கும் செலவான மகமை, 1880களில் விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியாக எழுந்தது. வீடுதோறும் ஒதுக்கிய பிடி அரிசியும் அதற்குத் துணை நின்றது. காமராஜர் படித்த பள்ளி அது. பிரான்மலையில் திருப்பணிக்குப் பிரிந்த பங்கு இங்கே பிள்ளைகளின் படிப்புக்குப் பிரிந்தது. கணக்குமுறையின் வடிவம் அப்படியே இருந்தது. தம் சாதிக்குள்ளே தொடங்கிய ஏற்பாடு என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதனால் அதன் பெருமை குறைந்துவிடவும் இல்லை.

பங்கு வணிகரின் லாபத்திலிருந்து அன்று, சரக்கிலிருந்தே பிரிகிறது என்று ரட்னரின் விளக்கத்துக்கு மாற்றாக நான் சொல்வதை, வேறொரு வழியில் நீதிமன்றமும் தொட்டிருக்கிறது. வடநாட்டில் மகமைக்கு இணையான வழக்கம் தர்மாதா. ஹாத்ரஸ் நகரின் பிஜிலி காட்டன் மில்ஸ் தன் விற்பனைச் சீட்டில் விலையோடு சேர்த்து வசூலித்த தர்மாதா, அந்த நிறுவனத்தின் வருமானமா என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கும்போதே அறத்துக்கென்று குறிக்கப்பட்ட பணம் அது. விற்பவரின் வருமானத்தில் சேராது என்பதே முடிவு. விற்பவர் அதைத் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. அது அவர் பைக்குள் ஒருபோதும் நுழைவதே இல்லை. பிரான்மலைக் கல்லின் சரக்குவாரிக் கணக்கும் அதையே சொல்கிறது என்று படிக்கிறேன்.

இந்த வாசிப்பை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ தேவையான சான்றுகள் இனிக் கல்லில் கிடைப்பதைவிடத் தாளில் கிடைக்கவே வாய்ப்பு அதிகம். உறவின்முறைகளும் நகர விடுதிகளும் பழைய வணிகக் குடும்பங்களும் தம்மிடம் மகமைக் கணக்கேடுகள் இருந்தால், அவை கறையானுக்கு இரையாகுமுன் படியெடுக்க ஆய்வாளர்களை அனுமதிக்க வேண்டும்.