ரெங்கம் தோட்டங்களில் இரவுக் கதவு

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே முதற்பொருள். முன்பின் அறியாத புதியவனே பண்டு விருந்தினன் எனப்பட்டான். உற்றாரையும் நண்பரையும் அச்சொல் குறித்தது பின்னை வழக்கு. குறுந்தொகையில் நன்னாகையார் பாடிய 118-ஆம் பாட்டு, இரவில் வாயிலை அடைக்குமுன், உள்ளே வருவார் எவரேனும் உளரோ என வினவும் வழக்கத்தைக் காட்டுகின்றது. தலைவன் வாராமையே அப்பாட்டின் துயரம். எனினும் ஒரு செய்தி கருதத்தக்கது: குரல் வீட்டினுள்ளிருந்து வெளியே சென்றது. வெளியே எழும் ஓசைக்கு வீட்டார் மூச்சடக்கி அஞ்சும் நிலையும் தமிழர் வரலாற்றில் உண்டு. ஜொகூர் மாநிலத்து ரெங்கம் வட்டாரம் அதற்குச் சான்றாகும்.

ரெங்கம், 1909-இல் நிறைவுற்ற ஜொகூர் இருப்புப்பாதையில், நியோருக்கும் லாயாங்-லாயாங்குக்கும் இடையே அமைந்த சிற்றூர். (நெடுஞ்சாலையிலுள்ள சிம்பாங் ரெங்கம் வேறூர், இரண்டையும் ஒன்றாக எண்ணுவார் பலர்.) சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், அங்கே பால் வெட்டியவருள் பெருந்தொகையினர் தமிழர். அவர்கள் குடியிருந்த லயத்து வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்தவை. ஒரு கதவைத் தட்டினால் வரிசை முழுவதும் கேட்கும். வேலை போனால் வீடும் போகும். வெளியார் எவர் உள்ளே வரலாம் என்பதையும் தோட்டத்துத் துரையே முடிவு செய்தார். ஆக, கதவுக்குப் பின்னால் வாழ்ந்தவனுக்கு அக்கதவின் மேல் இருந்த உரிமை மிகச் சிறிதே.

1942 சனவரியில் போர் இவ்வழியே வந்தது. நியோரில் 25-ஆம் நாள் சீக்கியப் படையினர் சப்பானியரை எதிர்த்துப் போரிட்டனர். லாயாங்-லாயாங் அருகே பாலம் உரிய காலத்துக்கு முன்னரே தகர்க்கப்பட்டமையால், 22-ஆம் இந்தியப் படைப்பிரிவு ரெங்கத்துப் பகுதியில் துண்டிக்கப்பட்டது. அதனைத் தேடிச் சென்ற தளபதி பார்ஸ்டோ 28-ஆம் நாள் கொல்லப்பட்டார். காட்டு வழியே தப்ப முயன்ற அப்படைப்பிரிவினருள் பெரும்பாலோர் சிறைப்பட்டனர்.

அதன்பின் தோட்டங்களுக்கு வந்தவர்கள் ஆள் பிடிப்போர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை அமைக்கச் சப்பானியர் ஆள் திரட்டினர். முதலில் நல்ல கூலி என்று ஆசை காட்டினர். பின்னர்த் தோட்டந்தோறும் இத்தனை பேர் என்று கட்டளையிட்டுப் பிடித்துச் சென்றனர். மலாயாவிலிருந்து சென்றோர் 70,000-க்கு மேற்பட்டவர். அவருள் மிகப் பலர் தமிழர். பல்லாயிரவர் திரும்பவில்லை. லாரியின் ஓசை கேட்டு ஆடவர் காட்டுக்குள் ஓடி ஒளிந்த காலம் அது.

போர் முடிந்து மூன்றாண்டு கழியுமுன் அவசரகாலம் பிறந்தது. 1948 சூன் திங்களில் அறிவிக்கப்பட்ட அது, 1960 சூலை 31 வரை நீடித்தது. அச்சம் இப்பொழுது வேறு வடிவம் கொண்டது. சப்பானியர் காலத்தில் எவருக்கு அஞ்சுவது என்பதில் ஐயமில்லை. ஓடி ஒளிந்தால் போதும். இப்பொழுதோ இரவில் கதவைத் தட்டுபவர் அரிசியும் சந்தாப் பணமும் கேட்கும் கொரில்லாப் படையினராக இருக்கலாம். சோதனையிட வந்த போலீசாராகவும் இருக்கலாம். கொரில்லாக்களுள் பெரும்பாலோர் சீனர். தமிழரும் சிலர் இருந்தனர். ஆகவே குரலின் மொழியைக் கொண்டும் ஆளை அறிய இயலாது. திறந்து அரிசி கொடுத்தால் சட்டப்படி குற்றம். விசாரணையின்றியே காவலில் வைக்க அரசுக்கு அதிகாரம் இருந்தது. கொடுக்க மறுத்தாலோ, காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் உயிருக்கே கேடாகும். கோழை என்று அத்தொழிலாளியை இகழ்வது எளிது. இரு பக்கமும் துப்பாக்கி இருந்த இடத்தில், வெறுங்கையுடன் தாழ்ப்பாளருகே நின்றவன் அவன் ஒருவனே என்பதை மறத்தலாகாது.

இந்நிலையை மாற்ற 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது; சூன் முதல் நாள் அது ஜொகூரிலேயே தொடங்கிற்று. காட்டோரத்துச் சீனர் ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர் புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டனர். சிதறிக்கிடந்த தோட்டத்து லயங்களும் ஓரிடத்தில் சேர்க்கப்பட்டு முள்கம்பி வேலிக்குள் அடங்கின. அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. விடியலில் பால் வெட்டச் செல்வோர், பெண்கள் உட்பட, வேலி வாயிலில் உணவு ஒளித்துள்ளனரா எனச் சோதிக்கப்பட்டனர். நள்ளிரவுத் தட்டல் பெரிதும் குறைந்தது உண்மையே. ஆனால் வீட்டுக் கதவில் நிகழ்ந்த விசாரணை, நாள்தோறும் வேலி வாயிலில் நிகழலாயிற்று. வருவார் உளரோ என வீட்டார் வினவிய குரலுக்கு மாறாக, போவார் எவர், கையில் யாது என்று காவலர் வினவினர்.

தென் மலாயாவின் கொரில்லாத் தலைவர் ஹோர் லுங் 1958 ஏப்ரலில் சரணடைந்தார். அவர் வழியே நூற்றைம்பதுக்கு மேற்பட்டோர் காட்டைவிட்டு வந்தனர். ஜொகூரில் போர் அடங்கிற்று. பன்னீராண்டில் மலாயா முழுவதும் உயிரிழந்த பொதுமக்கள் ஏறத்தாழ 2,500 பேர்; காணாமற் போனோர் 800-க்கு மேல் என்பது அரசின் கணக்கு. அந்த எண்ணூற்றுவருள், நள்ளிரவில் கதவைத் திறந்து வெளியே சென்றவர் எத்தனை பேர் என்பதை அக்கணக்குக் கூறவில்லை.