70,000 பேர்: ஓர் எண்ணின் அறிவிப்பாளர் தொடர்

மலையகம் பற்றிய பல்கலைக்கழக ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தில் அடிக்கடி தலைகாட்டும் எண் ஒன்றுண்டு. 1840களில் கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தென்னிந்தியத் தொழிலாளரில் 70,000 பேர், ஏறக்குறைய நால்வரில் ஒருவர், மாண்டனர் என்பதே அது. அட்டனிலும் நுவரெலியாவிலும் லயத்தில் பிறந்து, பல்கலைக்கழகம் புகுந்து, தன் முன்னோர் கதையை எழுத அமரும் மாணவர் இந்த எண்ணைத் தொட்டுத்தான் தொடங்குகிறார். அது எங்கிருந்து வந்தது?

1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை வெளியிட்ட மதிப்பீடு அது. முந்தைய ஆண்டுதான் 1848 கிளர்ச்சி நடந்திருந்தது. டாக்டர் கிறிஸ்தோபர் எலியட்டின் பொறுப்பிலிருந்த அப்பத்திரிகை ஆளுநர் டொரிங்டனின் ஆட்சியைக் கடுமையாக எதிர்த்து வந்தது. பிணங்களை எண்ணி எடுத்த கணக்கல்ல அது, கழித்தல் கணக்கு. வந்தவர் தொகையிலிருந்து திரும்பியோரையும் இங்கே உயிரோடு தங்கியிருக்கக்கூடியோரையும் கழித்து, கணக்கில் வராதவர்களைக் கொண்டு மாண்டோரை மதிப்பிட்டார்கள். கோப்பி அறுவடையோ பருவகால வேலை. ஆண்டுதோறும் வந்து திரும்பிய ஒருவர் மூன்று ஆண்டுகளில் மூன்று பேராக ஏட்டில் ஏறியிருப்பார். திரும்பும்போது பதிவுக்குத் தப்பியவரும் மாண்டவர் பக்கத்தில் சேர்ந்திருப்பார்.

இதனால் சாவு நடக்கவில்லை என்றாகாது. மன்னார்க் கரையில் இறங்கி, தண்ணீரற்ற காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்து வந்தவர்களைப் பசியும் காய்ச்சலும் வாந்திபேதியும் வீழ்த்தின. அது மறுக்கவியலாத வரலாறு. ஐயம் அத்துயரத்தின் மீதல்ல. அதன் எண்ணை நாம் கையாளும் முறை மீது.

ஒரு நூல் 'மதிப்பிடப்பட்டது' என்று எழுதும். அதைப் பார்த்து எழுதுவோர் அச்சொல்லை விட்டுவிடுவார். அடுத்தவர் பத்திரிகையின் பெயரையும் விட்டுவிடுவார். ஈற்றில் 'தேயிலைத் தோட்டங்களில் 70,000 பேர் மாண்டனர்' என்று வந்து நிற்கும். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867இல். 1840களில் அங்கே தேயிலைத் தோட்டம் ஏது? ஒருவரின் வாக்கியத்தை இன்னொருவர் யோசியாமல் எடுத்தாண்டதை இப்பிழையே காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துத் திருட்டைப் பிடிக்க இன்று கணினி மென்பொருள்கள் வந்துவிட்டன. சொல்லை மாற்றி எழுதினால் அவை ஏமாறவும் கூடும். பிழையை மாற்றாமல் எடுத்தவர் வரலாறு அறிந்தவரிடம் அகப்பட்டே தீருவார்.

இந்த இடத்தில் நம் மரபில் உள்ள ஒரு கலையை நினைவுகூர்வது பொருத்தம். நபிமொழித் தொகுப்பாளர்கள் செய்தியை மட்டும் எழுதி வைக்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார் என்ற இஸ்னாதையும் எழுதி வைத்தார்கள். இஸ்னாத் மார்க்கத்தின் ஒரு பகுதியே என்பது ஹிஜ்ரி 181இல் மறைந்த அப்துல்லாஹ் இப்னுல் முபாரக்கின் நிலைப்பாடு. தொடர் அறுந்த செய்திக்கு 'முன்கதிஃ' என்று தனிப்பெயர் வைத்தனர். அதைவிட நுட்பமானது 'தத்லீஸ்'. நேரே செவிமடுக்காத ஒன்றை, இடையில் நின்றவரை மறைத்து, மேலே உள்ளவரிடமிருந்தே பெற்றதாகத் தோன்றும்படி அறிவிப்பது அது. அவ்வழக்கம் உடையவர் 'கேட்டேன்' என்று தெளிவாகச் சொன்னாலன்றி அவர் அறிவிப்பை ஏற்க அறிஞர் தயங்கினர்.

1849ஆம் ஆண்டு ஒப்சேவரைக் கண்ணாலும் காணாமல், பிற்கால நூலொன்றில் அதன் குறிப்பைக் கண்டு, அந்நூலின் பெயரை மறைத்து, 'கொழும்பு ஒப்சேவர், 1849' என்று அடிக்குறிப்பு இடுவதும் தத்லீஸ்தான். மேற்கோள் சரியாகவே இருக்கலாம், நேர்மை இல்லை. 'இன்ன நூல் எடுத்துக்காட்டியபடி' என்று மூன்று சொல் சேர்த்தால் போதும். அதில் இழிவேதும் இல்லை. சுவடிக்கூடத்துக்குப் போய்த் தூசி தட்டியவரின் உழைப்பும் மறைக்கப்படாது.

நாட்டார் பாடல்களிலும் இதே நிலைதான். மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்து 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்ற நூலை 1983இல் வெளியிட்டார். பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பதால் அது கேட்பாரற்ற சொத்தாகிவிடாது. பாடிய மக்கள் இருக்கிறார்கள், கேட்டுப் பதிந்தவர் இருக்கிறார். அந்நூலைப் பார்த்து எழுதிவிட்டுக் 'கள ஆய்வில் கிடைத்தது' என்பவர் இரு சாராரையும் ஏமாற்றுகிறார்.

இன்னோர் எண்ணையும் பார்ப்போம். 1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பற்றிப் பேசியது. அதில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். இவை ஒப்பந்தத்தில் உள்ள எண்கள், மூலத்தோடு ஒப்பிடலாம். ஆனால் '5,25,000 பேர் நாடு கடத்தப்பட்டனர்' என்று எழுதினால் அது வேறு செய்தி. ஒப்புக்கொண்ட தொகையை உண்மையில் கப்பலேறியோரின் தொகையாக்கிவிடுகிறோம். மூலத்தை ஒருமுறை திறந்து பார்த்தவர் இதை எழுதமாட்டார்.

இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்கலாம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களிடம் கேட்டது அத்தாட்சியைத்தான். தந்தை இந்நாட்டில் பிறந்ததற்குக் கடதாசி எங்கே என்றது. காட்ட முடியாதவர் நாடற்றவராயினர். ஆவணமில்லை என்று சொல்லியே உரிமை பறிக்கப்பட்ட ஒரு சமூகத்தின் வரலாற்றை, ஆவணம் பாராமல் அதன் பிள்ளைகளே எழுதலாமா? கைமாறிக் கைமாறி வந்த ஓர் எண் பொய்யெனக் காட்டப்பட்டால், அதைச் சாக்காக வைத்து, காட்டு வழியில் விழுந்தவர்களின் உண்மையான சாவையும் மறுக்க ஆளிருக்கிறது.

ஆகவே பட்டத்துக்காக எழுதும் மாணவரிடம் சொல்ல வேண்டியது, விதிப்புத்தகத்தில் உள்ள தண்டனையை அல்ல. ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அதை உங்களுக்குத் தந்தவரின் பெயரை எழுதுங்கள். அவருக்கு அது யாரிடமிருந்து வந்தது என்று தேடுங்கள். தொடர் அறுந்த இடத்தில் 'இதற்கு மேல் கண்டறிய முடியவில்லை' என்று எழுதி நிறுத்துங்கள். அடுத்து வரும் ஆய்வாளர் தன் தேடலை அங்கிருந்து தொடங்கலாம்.