கட்டைவிரலுக்கு ஒரு துளை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கோல்டன் என்றொரு சிறிய ஊர். 1981-ல் அங்கிருந்து ஒரு மடக்குக் கத்தி விற்பனைக்கு வந்தது. பெயர் ‘வொர்க்கர்’. உழைப்பாளி என்ற பெயருக்கேற்ப அதில் நகாசு வேலை எதுவும் கிடையாது. மான்கொம்புக் கைப்பிடி இல்லை, பித்தளைப் பூண் இல்லை. அலகும் கைப்பிடியும் வெறும் எஃகு. அலகின் முதுகு நடுவில் கூன் விழுந்ததுபோல் மேடிட்டிருந்தது. அந்த மேட்டில் ஒரு வட்டத் துளை. கைப்பிடியின் பக்கவாட்டில், பேனாவுக்கு இருப்பதுபோல ஒரு கிளிப்.

கத்தி சேகரிப்பவர்களில் பலருக்கு அதைக் கண்டதுமே பிடிக்காமல் போயிற்று. அலகில் ஓட்டை போட்டால் அது என்ன கத்தி? நாற்பது வருடம் தாண்டியும் அந்த வழக்கு முடியவில்லை. சட்டைப்பைக் கத்தி சேகரிப்பவர்கள் இன்றும் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்குத் தாத்தா காலத்து வார்ப்புதான் கத்தி. மறு கட்சிக்கு அந்தத் துளைக்குப் பிறகு வந்ததெல்லாம் கத்தி.

வெறுப்பின் காரணம் விளங்க, துளைக்கு முன்னால் மடக்குக் கத்தி எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். மடக்குவது மிகப் பழைய யோசனை. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட் பகுதியில் கிடைத்த எலும்புக் கைப்பிடி மடக்குக் கத்திக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு வயதுக்கு மேல் சொல்கிறார்கள். ரோமானியர்களும் வைத்திருந்தார்கள். அவற்றிலெல்லாம் ஸ்பிரிங் கிடையாது. ஆணியின் இறுக்கமும் பிடித்திருப்பவரின் விரலும்தான் அலகை நிறுத்தி வைத்தன. 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கொல்லர்கள் கைப்பிடியின் முதுகில் ஒரு எஃகுப் பட்டையை ஸ்பிரிங்காக வைத்தார்கள். அலகு திறந்தாலும் மூடினாலும் அந்தப் பட்டை அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பூட்டு அல்ல, வெறும் அழுத்தம். கொஞ்சம் பலமாகத் தள்ளினால் மடங்கிவிடும். இன்றைய பாரம்பரியக் கத்திகள் பெரும்பாலும் இந்த ஒரே ஏற்பாட்டின் வாரிசுகள்.

ஷெஃபீல்டுக்காரர்கள் அதை வைத்து ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. 1851-ல் லண்டனில் நடந்த மாபெரும் கண்காட்சிக்காக ஜோசஃப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 75 அலகுகளும் கருவிகளும் கொண்ட ‘நார்ஃபோக் கத்தி’யைச் செய்தது. யாருடைய சட்டைப்பைக்கும் ஆகாத அந்த ராட்சசக் கத்தி ஷெஃபீல்டு கத்திக் கொல்லர் சங்கக் கட்டடத்துக்குப் பெருமையாக நிற்கிறது.

அமெரிக்காவில் இதே ஏற்பாடு தொழிலுக்குத் தொழில் வேறு உருவம் எடுத்தது. மாட்டுக்காரர்களுக்கு ‘ஸ்டாக்மேன்’, மூன்று அலகு. ஒன்று பொது வேலைக்கு. ஒன்று நேர்விளிம்போடு குளம்பு சீவவும் கயிறு அறுக்கவும். மூன்றாவது முனை மழுங்கியது. கன்றுக்குக் காயடிக்கும்போது முனை குத்திக் காயம் படாமலிருக்க அப்படி. பொறி வைத்து விலங்கு பிடிப்பவர்களுக்கு ‘டிராப்பர்’, நீள அலகு இரண்டு. நீண்ட இரும்புப் பூணோடு மலிவாக வந்த ‘பார்லோ’ பையன்களின் முதல் கத்தி. 1889-ல் தொழில் தொடங்கிய கேஸ் குடும்பத்தாரின் பெயரை இன்றும் தாங்கி, பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டிலிருந்து இந்த வடிவங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன.

இவற்றையெல்லாம் திறப்பது ஒரே முறையில்தான். இடது கையில் கைப்பிடி. வலது கைக் கட்டைவிரல் நகத்தை அலகின் முதுகோரம் வெட்டியிருக்கும் நகக்குழியில் வைத்து இழுக்க வேண்டும். முதலில் அசையாது. ஸ்பிரிங் இளகியதும் அலகு கனமாக மேலெழும். சில கத்திகளில் பாதி வழியில், செங்குத்தாக நிற்கும்போது ஒரு நொடி தயங்கி நிற்கும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ‘டக்’ என்று போய் உட்காரும். இந்த இழுவையை ‘நடை’ என்றும், அந்த ஓசையைப் ‘பேச்சு’ என்றும் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சொல்வார்கள். நடையும் பேச்சும் சரியாயிருந்தால்தான் விலை பேசுவார்கள். பிறகு கத்தியை விளக்குக்கு நேரே பிடித்து, ஸ்பிரிங்குக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்கள். கசிந்தால் கொல்லன் அவசரப்பட்டிருக்கிறான் என்று அர்த்தம். அடுத்து அலகின் அடியில் அடித்த முத்திரை. 1970 முதல் கேஸ் நிறுவனம் பெயருக்குக் கீழே பத்துப் புள்ளி வைத்து, வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்து வந்தது. புள்ளியை எண்ணினால் கத்தி பிறந்த வருடம் தெரிந்துவிடும்.

இவ்வளவு இதமான பொருளை மாற்ற வேண்டிய அவசியம் எங்கிருந்து வந்தது? ஒரு பக்கம் வேலை, மறு பக்கம் சட்டம்.

வேலை கேட்டது உறுதியை. பூட்டில்லாத அலகு அழுத்தி வேலை செய்யும்போது விரல்மேல் மடங்கும். பிரான்சின் சவோயில் 1890-ல் ஜோசஃப் ஓபினெல் செய்த எளிய மரக்கைப்பிடிக் கத்திக்கே 1955-ல் அந்தக் குடும்பத்தார் ஒரு திருகு வளையம் மாட்டினார்கள். வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காது. அமெரிக்காவில் 1964-ல் பக் நிறுவனம் ‘110’ என்ற கத்தியை இறக்கியது. முதுகிலேயே பூட்டு. கெட்டியான பித்தளைப் பூண், மரப் பக்கங்கள். எடை 200 கிராம் சொச்சம். சட்டைப்பையில் போட்டால் பை தொங்கிவிடும் என்பதால் தோலுறையில் இடுப்பில் மாட்டினார்கள். வேட்டைக்காரர்களும் தொழிலாளிகளும் அள்ளிக்கொண்டு போனார்கள். ஆனாலும் திறக்க இரண்டு கைதான்.

ஒரே கையில் திறக்கும் கத்தி அப்போதே இருந்தது. பொத்தானை அழுத்தினால் அலகு தானாகப் பாயும் கத்தி. 1955-ல் வந்த ‘ரெபல் வித்தவுட் எ காஸ்’ படத்தில் பள்ளிக்கூடப் பையன்கள் மோதிக்கொள்வது அதை வைத்துத்தான். பத்திரிகைகளும் அதை ரவுடிப் பிள்ளைகளின் ஆயுதமாகவே காட்டின. 1958-ல் அமெரிக்க அரசு மாநிலம் விட்டு மாநிலம் அந்தக் கத்தியை வியாபாரம் செய்யத் தடை போட்டது. ஆக, தானாகப் பாயவும் கூடாது, ஒரு கையிலும் திறக்க வேண்டும். கத்தி செய்பவர்களுக்குச் சட்டம் போட்ட விடுகதை இது.

அதை அவிழ்த்தவர்களில் ஒருவர் சால் கிளெசர். கத்திக் கொல்லர் பரம்பரையில் வந்தவரல்ல. அவரும் மனைவி கெயிலும் 1976-ல் ஸ்பைடர்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, நுண்ணிய கைவேலை செய்பவர்களுக்குப் பொருளைப் பிடித்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கருவியை விற்றார்கள். ரொட்டி வண்டி ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு சந்தை சந்தையாக அலைந்தார்கள். அடுத்து வந்தது முக்கோணக் கற்களை வைத்துக் கத்தி தீட்டும் சாதனம். கோல்டனில் நிலைகொண்டது 1978-ல். ஜனங்கள் கொண்டுவரும் மழுங்கிய கத்திகளின் நடுவே பிழைத்தவருக்கு, கத்தியின் அழகைவிட அது என்ன வேலை செய்கிறது என்பது முதலில் கண்ணில் பட்டிருந்தால் ஆச்சரியமில்லை.

‘வொர்க்க’ரின் துளை அந்தக் கண்ணுக்குத் தோன்றிய விடை. மூடியிருக்கும்போதும் துளை கைப்பிடிக்கு வெளியே தெரிய வேண்டும். அதற்காகத்தான் அலகின் முதுகைக் கூனாக்க வேண்டியிருந்தது. கட்டைவிரலின் சதை அந்த வட்டத்தின் ஓரத்தில் பதியும். விரலை நீட்டினால் அலகு ஆணியைச் சுற்றித் திரும்பிப் பூட்டில் விழும். நகம் வேண்டாம். துளை இரு பக்கமும் திறந்திருப்பதால் இடது கைக்காரருக்கும் ஆகும். கிளிப் இருப்பதால் கத்தி பையின் அடியில் சாவிக்கொத்தோடு புரளாமல், விளிம்பிலேயே தொங்கி, கை போனதும் அகப்படும். அடுத்து வந்த ‘மரைனர்’ கடலோடிகளுக்கானது. ஈரக் கயிற்றை அறுக்க அலகு முழுக்க ரம்பப் பல். 1990-ல் ‘டெலிகா’, ‘எண்டுரா’ என்ற இரண்டும் ஜப்பானின் சேகி நகரில் கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் கைப்பிடியோடு தயாராகி வந்தன. டெலிகாவின் எடை சுமார் 70 கிராம், பக் 110-ன் மூன்றில் ஒரு பங்கு.

பழைய கட்சி சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டிக் பிடித்தால் கத்தி பிடித்ததுபோலவா இருக்கிறது? கிளிப் கால்சட்டைப் பையைக் கிழிக்கிறது, கார் சீட்டைக் கீறுகிறது. நாசூக்கானவன் கத்தி பைக்குள் அடங்கிக் கிடக்கும், வெளியே தலை நீட்டாது. ஆப்பிள் நறுக்க எதற்கு இவ்வளவு வேகம்? பக்கத்தில் இருப்பவர் பயந்துவிட மாட்டாரா? கடைசிக் கேள்வியில் நியாயம் உண்டு. நகக்குழியில் நகம் வைத்து நிதானமாகத் திறக்கும் மனிதரைக் கண்டு யாரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளுவதில்லை.

புதிய கட்சியும் சளைத்ததல்ல. நகம் உடைகிறது. கையுறை போட்டால் உன் கத்தி திறக்காது. பூட்டு இல்லை. எலுமிச்சை வெட்டி அப்படியே வைத்தால் மறுநாள் கறுத்துக் கிடக்கிறது. இந்தக் கடைசிக் குற்றச்சாட்டைத்தான் பழையவர்கள் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார்கள். 1095 என்ற கார்பன் எஃகில் பழச்சாறு பட்டால் நீலமும் சாம்பலுமாக ஒரு படலம் பிடிக்கும். அவர்களுக்கு அது கறை அல்ல, கத்தி உழைத்த கணக்கு.

எஃகு விஷயத்தில் இரண்டு கட்சிக்கும் பிடிவாதம் அதிகம். 2001-ல் வந்த எஸ்30வி போன்ற எஃகை உருக்கித் தூளாகச் சிதறடித்து, பிறகு வெப்பத்தில் அழுத்தித் திடமாக்குகிறார்கள். அதில் நூற்றுக்கு நான்கு பங்கு வனேடியம். அந்த வனேடியம் கார்பனோடு சேர்ந்து உண்டாக்கும் துகள்கள் சாதாரணச் சாணைக்கல்லைவிடக் கடினமானவை. பதம் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் மழுங்கிவிட்டால் தீட்ட வைரப்பொடி பதித்த கல் தேவைப்படும். பழைய எஃகு சீக்கிரம் மழுங்கும், நாலு இழுப்பில் மறுபடி கூர் ஏறும். தினமும் தீட்டுவது ஒருவருக்குத் தொல்லை, இன்னொருவருக்கு மாலைப் பொழுதின் சுகம்.

புதிய கத்திக்காரரின் சோதனையும் பழையவரின் சோதனைக்கு உறவுதான். அவரும் கத்தியை மேலிருந்து பார்த்து, மூடிய அலகு இரு பக்கத் தகட்டுக்கும் சரிநடுவே நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடுகிறார். மயிரிழை விலகினாலும் அவருக்குத் தூக்கம் வராது.

இந்தச் சண்டையில் இருவரும் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு: கத்தியைத் திறக்கும்போது மற்ற கை எங்கே இருக்கிறது? நகக்குழி, இரு கையும் சும்மா இருக்கும் மனிதருக்காக வந்தது. திண்ணையில் உட்கார்ந்து குச்சி சீவுபவர், கன்றைக் கட்டிப்போட்டுவிட்டு வேலைக்கு இறங்குபவர், மேசையருகே கடிதம் பிரிப்பவர். துளை, ஒரு கை ஏற்கனவே எதையோ பிடித்திருக்கும் மனிதருக்காக வந்தது. ஏணி, பாய்மரக் கயிறு, பிரிக்க வேண்டிய பெட்டி. ஏணியில் தொங்குபவருக்கு ஸ்டாக்மேன் ஆகாது. திண்ணைக்காரருக்கு டெலிகா தேவையில்லை. இருவரும் தத்தம் இடத்தில் இருந்துகொண்டு அடுத்தவர் கத்தியை எடை போடுவதால்தான் வழக்கு நீள்கிறது.

எது பழையது, எது புதியது என்ற கணக்கும் அவ்வளவு நேரானதல்ல. பாரம்பரியக் கத்திப் பிரியர்கள் உயிரை விடும் கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி நிறுவனம் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் தொடங்கப்பட்டது 2006-ல்தான். பழைய வார்ப்பு, கார்பன் எஃகு, எலும்புப் பக்கம், குறைந்த எண்ணிக்கை என்று அது பிடித்த பாதை விற்பனையாயிற்று. பழமையின் காவலராகப் பெயர் வாங்கிய இந்த நிறுவனம் ஸ்பைடர்கோவுக்கு முப்பது வயது இளையது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு திருப்பம். பிரிட்டனில் 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடியது மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டு விளிம்புள்ள மடக்குக் கத்தி மட்டுமே. பூட்டு உள்ள கத்தி அந்தச் சலுகைக்குள் வராது என்று நீதிமன்றங்களும் சொல்லிவிட்டன. அந்த ஊருக்காக ஸ்பைடர்கோ ஒரு பேனாக்கத்தி செய்தது. துளை உண்டு, கிளிப் உண்டு. பூட்டு கிடையாது, ஸ்பிரிங் அழுத்தம் மட்டும். ஷெஃபீல்டு கொல்லர்களின் பழைய ஏற்பாட்டிடம் சட்டம் அதைத் திருப்பி அனுப்பிவைத்தது. நவீனக் கத்திக்குப் பேர்போன பெஞ்ச்மேடும் ‘புரொப்பர்’ என்ற பெயரில் நகக்குழி வைத்த, பூட்டில்லாத கத்தியை எஸ்30வி எஃகில் செய்தது. இரண்டு கட்சியிலும் அதை வாங்கியவர்கள் உண்டு, திட்டியவர்களும் உண்டு.

பக் 110-ஐ இன்று யாரும் புதுமை என்று சொல்வதில்லை. 1964-ல் புதிதாக வந்து இறங்கிய கத்தியைப் பலர் இப்போது அப்பா காலத்து அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ‘வொர்க்க’ருக்கும் அதே யோகம் வந்திருக்கிறது. ஆரம்பகால வொர்க்கர், மரைனர் கத்திகளைத் தேடிப்பிடிப்பவர்கள் கிளிப்பின் வடிவத்தையும் முத்திரையையும் வைத்து எந்தக் காலத்துச் சரக்கு என்று வாதாடுகிறார்கள். கேஸ் கத்தியில் புள்ளி எண்ணியவர்களின் வேலைதான் இது. பெயர் மட்டும் நவீனக் கத்திச் சேகரிப்பு.