ஒரே 'ஐ', இரண்டு ஊர்கள்

'ஐ லவ் நியூயார்க்', 'ஐ ஆம்ஸ்டர்டாம்' ஆகிய இரண்டு நகரச் சின்னங்களும் 'நான்' என்றுதான் தொடங்குகின்றன. ஆனால் அந்த 'நான்' நிற்கும் இடம் வேறு.

1975-இல் நியூயார்க் திவாலின் விளிம்பில் நின்றது. குற்றங்களுக்கு அஞ்சி வெளியூர்க்காரர்கள் வரத் தயங்கினார்கள். 1977-இல் மாநில வணிகத் துறை தொடங்கிய சுற்றுலா விளம்பரத்துக்குச் சின்னம் வரைந்தவர் மில்டன் கிளேசர். பிராங்ஸில் பிறந்த உள்ளூர்ப் பிள்ளை. அவர் முதலில் கொடுத்த வடிவத்தை அதிகாரிகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். அவர் மனம்தான் ஏற்கவில்லை. டாக்சியில் போகும்போது ஓர் உறையின் மேல் சிவப்புக் கிரேயானால் கிறுக்கினார்: 'ஐ', ஓர் இதயம், 'என்', 'ஒய்'. அந்த உறை இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளேசர் கூலி வாங்கவில்லை.

தட்டச்சுப் பொறியின் சாயல் கொண்ட எழுத்துகள். பக்கத்தில் சிவந்த இதயம். அலுவலகக் கடிதத்துக்குள் யாரோ அன்பை ஒளித்து வைத்ததுபோல் எனக்குத் தோன்றும். இதயத்தை 'நேசிக்கிறேன்' என்று படிப்பவர்தான் வாக்கியத்தை முடிக்கிறார். தமிழில் அந்த ஒரே வினைச்சொல்லுக்குள் 'நான்' அடங்கிவிடும். ஆங்கிலத்தில் 'ஐ' தனியே நின்று, தனக்கு வெளியே உள்ள ஊரை நோக்கிக் கை நீட்டுகிறது.

2004-இல் வந்த ஆம்ஸ்டர்டாம் சின்னம் கெசல்ஸ்கிராமர் விளம்பர நிறுவனத்தின் ஆக்கம். ஊர்ப்பெயருக்கு முன்னால் 'ஐ' சேர்ந்ததும் 'நான் இருக்கிறேன்' என்ற பொருள் தரும் 'ஐ ஆம்' பிறக்கிறது. கெட்டிக்காரத்தனம்தான். வேறு ஊர்கள் இதை எளிதில் கடன் வாங்க முடியாது. கிளேசருடையதையோ உலகமே நகலெடுத்தது. ஆனால் இங்கே 'நான்' ஊரை விழுங்கிவிடுகிறது. ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் பின்புறம் ஆள் உயரத்தைத் தாண்டி நின்ற அந்த எழுத்துகளில் ஏறிப் படமெடுத்தவர்களுக்கு ஊர் வெறும் பின்னணி ஆனது. வந்து குவிந்த கூட்டம் நகரவாசிகளுக்குப் பாரமானது. இந்தச் சின்னம் தனிமனிதரையே முன்னிறுத்துகிறது என்ற வாதம் நகர மன்றத்தில் எழ, 2018 டிசம்பரில் எழுத்துகளை அங்கிருந்து அகற்றினார்கள்.

நியூயார்க்கின் இதயமும் ஒருமுறை மாறியது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, 'முன்னெப்போதையும்விட' என்ற சொற்களைச் சேர்த்துக் கிளேசரே அதைத் திரும்ப வரைந்தார். இதயத்தின் கீழ் இடது ஓரத்தில் ஒரு கரிய வடு. மன்ஹாட்டன் வரைபடத்தில் இரட்டைக் கோபுரங்கள் நின்ற பக்கம் அது.