குண்டை விழுங்கிய மண்

1801 மார்ச் 31. கிழக்கிந்தியக் கும்பினியின் பீரங்கிகள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைச் சுவரை ஒரு பக்கம் சரித்துவிட்டன. இனி ஏறிக் குதிக்க வேண்டியதுதான் என்று படை கிளம்பியது. ஏறியவர்களை உள்ளே நின்றவர்கள் நீள ஈட்டியால் குத்தித் தள்ளினார்கள். அன்றைய தாக்குதல் தோற்றது. கூடுதல் படையும் பீரங்கியும் வந்துசேர்ந்து, கர்னல் அக்னியூ தலைமையில் மே 24-ஆம் தேதிதான் கோட்டை விழுந்தது.

இத்தனைக்கும் அதில் கருங்கல் கிடையாது, முழுக்க மண். அதுவும் புது மண். 1799-இல் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கையோடு பழைய கோட்டையை இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்தார். அதன்பின் சில நாட்களுக்குள் ஊரே திரண்டு எழுப்பிய சுவர் அது.

அந்தச் சண்டையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி 1830-இல் தன் நினைவுகளைப் புத்தகமாகப் போட்டார். கோட்டை ஒரு பக்கம் ஏறத்தாழ 500 அடி, மறுபக்கம் 300 அடி; சுவர் உயரம் 12 அடி; சுற்றிலும் அடர்ந்த முள்வேலி. மண்ணைப் பற்றியும் சொல்கிறார்: கெட்டியானதாம், நன்றாக ஒட்டக்கூடியதாம். சுவரேற வந்தவருக்கு மண்ணின் பக்குவம் கண்ணில் பட்டிருக்கிறதே என்று எனக்கு அவர்மேல் ஒரு மரியாதை.

காரணம், எங்கப்பா மண்சுவர் வைக்கிறவர். சேரன்மகாதேவிக்கும் பத்தமடைக்கும் நடுவே வயற்காட்டு ஊர்களில் அவர் வைத்த சுவர்கள் நிறைய. குளத்துக் கரம்பையை வெட்டி வந்து, கல் பொறுக்கி, நறுக்கிய வைக்கோலைப் போட்டு, தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க ஊறப்போடுவார். விடிந்ததும் மிதிப்பு. மிதித்து முடித்ததும் ஒரு உருண்டை பிடித்து ஓங்கித் தரையில் அடிப்பார். உருண்டை சிதறினால் இன்னும் மிதிக்க வேண்டும். வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. விழுந்த இடத்தில் ஆப்பம் மாதிரி அமர்ந்து, ஓரம் வெடிக்காமல் இருந்தால் சுவருக்கு ஏறலாம். ஒரு நாளைக்கு ஒன்றரை அடிக்கு மேல் ஏற்ற மாட்டார்; கீழே வைத்தது இறுகிய பிறகுதான் அடுத்தது. பாஞ்சாலங்குறிச்சி மண்ணில் பதநீரும் முட்டையும் கலந்தார்கள் என்று சொல்வார்கள். இருக்கலாம். அப்பாவுக்குப் பதநீர் கிடைத்திருந்தால் அது சுவருக்குப் போயிருக்காது.

கல்சுவரில் குண்டு பட்டால் அதிர்ச்சி பக்கத்துக் கல்லுக்கும் போகும். இணைப்பு விடும், சில்லு தெறிக்கும். மண்ணில் பட்ட குண்டு பட்ட இடத்தோடு புதைந்துபோகும். 1767-இல் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூரை முற்றுகையிட்டபோதும் இதே கதைதான். பீரங்கி உடைத்த இடத்தை உள்ளே இருந்தவர்கள் பனந்தடியும் வைக்கோலும் வைத்து அடைத்துக்கொண்டே இருந்தார்கள். நம் பாளையங்களோடு நின்ற விஷயமும் இல்லை. 1805-இல் பரத்பூரின் மண்கோட்டையை லேக் பிரபு நான்கு முறை தாக்கினார். நான்கு முறையும் தோற்றார்.

இந்தப் பழங்கதை எல்லாம் எனக்கு இப்போது தேவைப்பட்டதற்குக் காரணம் என் பேத்தி. பள்ளிக்கூடத்தில் வில்வித்தையில் சேர்ந்திருக்கிறாள். வீட்டுப் பின்பக்கம் பத்து மீட்டர் இடம் இருக்கிறது. குறிப்பலகைக்குப் பின்னால் என்ன வைப்பது என்பதுதான் கேள்வி. குறி தவறும் அம்புதானே ஆபத்து!

"காம்பவுண்ட் சுவர் இருக்குல்லா சார், அது போதாதாக்கும்?" என்றார் எங்கள் தெருக் கொத்தனார். போதாது. செங்கல்லில் மோதிய கார்பன் அம்பு சில நேரம் கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் விட்டுவிடும். அதை மறுபடி நாணில் பூட்டினால், விடும்போதே பிளந்து கையைக் கிழிக்கும். டயர், அம்பைத் திருப்பி அனுப்பலாம். மெல்லிய பிளைவுட்டை அம்பு துளைத்துவிடும். துளைக்காவிட்டால் முனை மாட்டிக்கொண்டு பிடுங்க வராது. தளர்வாகத் தொங்கவிட்ட கனத்த சாக்குத் திரை பரவாயில்லை. இழுத்துக் கட்டினால் அதுவும் உதவாது.

அப்பாவின் சுவரையே எழுப்பிவிடலாம் என்றுதான் எனக்கு ஆசை. ஆனால் கோட்டைச் சுவருக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஊமைத்துரையின் ஆட்களுக்குக் குண்டு நின்றால் போதும்; அது முழுதாகத் திரும்பி வர வேண்டிய அவசியம் இல்லை. என் பேத்திக்கு அம்பு முழுதாக வேண்டும். சித்திரை வெயிலில் இறுகிய கரம்பைச் சுவர் செங்கல்லுக்குக் குறைந்ததில்லை. ஜப்பான்காரர்கள் இதை நன்றாகவே யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய வில்கூடங்களில் குறிக்குப் பின்னால் மணலும் மரத்தூளும் கலந்த சரிவு மேடு ஒன்று இருக்கும். இறுகவிடாமல் ஈரம் காட்டிப் பராமரிப்பார்கள். இங்கிலாந்திலோ எட்டாம் ஹென்றி காலத்துச் சட்டம் ஊருக்கு ஊர் மண்மேடு போட்டுக் குறி பழகச் சொன்னது.

நம் ஆற்றங்கரைக்கு அம்பு புதிது இல்லை. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த இரும்புப் பொருள்களில் அம்புமுனைகளும் உண்டு. எங்கே எய்து பழகினார்களோ, மண் அதைச் சொல்லவில்லை. இப்போது திருநெல்வேலியில் வில் என்றால் எந்தக் கோயில் கொடை என்றுதான் கேட்பார்கள். குடத்தின் மேல் கட்டி வீசுகோலால் அடிக்கும் வில்லுப்பாட்டு வில்தான் நம்மிடம் மிஞ்சியது.

கடைசியில் அப்பாவின் சுவரையும் ஜப்பான்காரர்களின் மேட்டையும் சேர்த்தேன். முன்னால் பிசான அறுவடையின் வைக்கோல் கட்டுகள், ஒன்றின் மேல் ஒன்றாக, கயிறு போட்டு முறுக்கி இறுக்கியது. அம்பை நிறுத்துவது அதன் தண்டைச் சுற்றி வைக்கோல் கொடுக்கும் பிடிதான். கட்டு தளர்ந்தால் அம்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். வைக்கோல் தாள்கள் குறுக்கே கிடக்கும்படி வைக்க வேண்டும், வெட்டுமுனை எய்பவரைப் பார்த்தால் அம்பு தாள்களின் ஊடே போய்விடும். அதற்குப் பின்னால், ஆளுயரத்துக்கு மேல் மண்சுவர். சுவர் முகப்பில் சலித்த மணலும் மர அறுவை மில்லில் வாங்கிய தூளும் சரிவாகக் குவித்திருக்கிறேன். சுவரைத் தலைக்கு மேல் உயர்த்தியதற்குக் காரணம், புதிதாகப் பழகுகிறவர்களின் அம்பு பெரும்பாலும் மேலே போவதுதான்.

மழைக்கும் கரையானுக்கும்தான் இன்னும் வழி சொல்ல வேண்டும். சுவர் உச்சியில் பனையோலை வேய்ந்தால் ஐப்பசி மழை தாங்கும். அப்பா அப்படித்தான் செய்வார். கரையான் வைக்கோலைத் தின்னத் தின்ன, கட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வருஷத்துக்கு இரண்டு அறுப்பு இருக்கிறது, காரும் பிசானமும். படப்புக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.